லுங்கேர்ன் ஏரிப் படுகையில் ஓர் அம்மி

1987ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதற் சனிக்கிழமை. காலை ஏழு மணி தாண்டியதும் நானும் பாலனும் எம்மன்புரூக்கே நிலையத்தில் லூசேர்ன் ரயில் ஏறினோம். கையில் இரண்டு சாக்கு, ஒரு நீளக் கயிறு, அளவுநாடா, பாணும் சம்பலும் கட்டிய பொதி. சுவிஸ் மலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கமரா கொண்டு போவார்கள். நாங்கள் அம்மி எடுக்கப் போனோம்.

பாலன் எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலை செய்கிறவன், என்னிலும் பத்து வயது இளையவன். வைகாசியில் அவனுக்குக் கலியாணம். பெண் மலர் சில மாதங்களுக்கு முன்தான் கொழும்பு வழியாக வந்து, அதே ஊரில் தன் தமையன் வீட்டில் இருந்தாள். மண்டபம் பேசியாயிற்று. ஜேர்மனியிலிருந்து ஐயர் வர ஒத்துக்கொண்டார். கூறைச் சேலையும் வந்துவிட்டது. அம்மி மட்டும் இல்லை. தாலி கட்டியபின் மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி அம்மியில் வைக்க வேண்டும். இந்தக் கல்லைப் போல் அசையாமல் நில் என்பது அதன் பொருள். அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடு ஒன்றிலும் அம்மி கிடையாது. அகதியாக வந்தவன் எவன் பெட்டிக்குள் அம்மியை வைத்துக்கொண்டு வருவான்?

மலரின் தமையன் ஒரு வழி சொன்னார். தோட்டச் சாமான் கடையில் சீமெந்துப் பலகை விற்கிறார்கள். "மேல வெள்ளைத் துணியைச் சுத்திவிட்டால் ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் மலர். "சீமெந்துத் துண்டில கால் வைக்கவோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்? அம்மி எண்டால் அரைக்க வேணும். அரைக்க ஏலாத கல்லில நான் ஏறமாட்டன்."

லூசேர்னில் நல்ல கருங்கல் விற்கிற இடம் ஒன்று எங்களுக்குத் தெரியும். கல்லறைக்குக் கல் செய்கிறவரின் பட்டறை. பாலன் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"நல்லது. அப்பிடியே என்ரை பேரையும் வெட்டுவிச்சுக் கொண்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று பின்னேரம் பாலன் என் அறைக்கு வந்தான். "அண்ணை, அவள் சொன்னாச் சொன்னதுதான். கல் வராட்டிக் கலியாணம் தள்ளிப் போகும். ஐயருக்கு இனி ஆவணியிலதான் நேரம். அதுக்குள்ள என்ரை விசாவுக்கு என்ன நடக்குதோ ஆர் கண்டது?"

அவன் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் ஓரிடத்தில் தரிக்காதவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பூமிசாத்திரப் பாடத்தில் வாத்தியார் எனக்குப் புள்ளி போட்டதை விட அடி போட்டதுதான் கூட. ஆனால் சூக்கில் உணவகம் துடைத்து, லோசானில் ஆஸ்பத்திரி நிலம் கழுவி, போகிற இடமெல்லாம் யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டே போனவன். முந்திய வசந்தத்தில் இன்டர்லாக்கனுக்குக் கோப்பை கழுவப் போகும் வழியில் தண்ணீர் பாதி வற்றிய ஏரி ஒன்றைக் கண்டிருந்தேன். கரை முழுவதும் கல். அதை அவனிடம் சொன்னேன். அதுதான் இந்தப் பயணம்.

லூசேர்னில் புரூனிக் ரயிலுக்கு மாறினோம். ஒடுங்கிய தண்டவாளம், சிறிய பெட்டிகள். அந்த வருடம் நூறு பிராங்குக்கு அரைக்கட்டண அட்டை விற்றார்கள்; இருவரிடமும் அது இருந்தது. பெரிய ஏரியின் ஓரத்தால் ஓடி, ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து, பிலாத்துஸ் மலையடியில் அல்ப்னாக்ஸ்டாட்டில் வெளியே வந்தது வண்டி. பிறகு சார்னன். அங்கே வலப்பக்கம் இன்னோர் ஏரி, காற்றில்லாமல் தட்டையாகக் கிடந்தது. இதுவரை பாதை சமதரைதான். கிஸ்வில் நிலையம் தாண்டியதும் ஒரு குலுக்கல். எஞ்சினின் அடியிலிருந்த பற்சக்கரம் தண்டவாளத்தின் நடுவிலிருந்த பற்களைக் கடித்துக்கொண்டது. வண்டி மூக்கை நிமிர்த்தி மலையில் ஏறத் தொடங்கியது.

"எங்கை அண்ணை என்னைக் கொண்டுபோறியள்?" என்று பாலன் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமியார் வீட்டுக்கு. பேசாமல் இரு."

எனக்கு அந்த ஏற்றம் வேறு மாதிரி இருந்தது. அதற்கு முன் நான் மலையேறியது எல்லை கடக்கத்தான். இருட்டில், ஈரச் சப்பாத்தோடு, இருமல் வந்தால் கையைக் கடித்துக்கொண்டு ஏறினேன். இன்று பகல் வெளிச்சத்தில், டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருந்தபடியே ஏறுகிறேன். பரிசோதகர் வந்தபோது அவர் கேட்கமுன் டிக்கெட்டை நீட்டினேன்.

ஏற்றம் முடியும் இடம் கைசர்ஸ்டூல். பள்ளத்தாக்கின் கதவு அது. அங்கிருந்து பார்த்தால் அந்த நாட்டின் அமைப்பு சட்டென்று விளங்கும். பள்ளத்தாக்கு ஒரு படிக்கட்டு. கீழ்ப்படியில் சார்னன், அதன் ஏரி. நடுப்படியில் லுங்கேர்ன், அதன் ஏரி. மேற்படி புரூனிக் கணவாய். அதைத் தாண்டினால் பாதை மறுபக்கம் பெர்ன் மாநிலத்துக்குள் விழுந்துவிடும். இரு பக்கமும் காடு, காட்டுக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் வெண்பனி. நடுவில், நான் எதிர்பார்த்தபடியே, ஏரி பாதிதான் இருந்தது. மின்சாரத்துக்காகப் பனிக்காலத்தில் தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள். மலையில் பனி உருகித்தான் மறுபடி நிரம்பும். பச்சைத் தண்ணீரைச் சுற்றி அகலமான சாம்பல் நிறச் சேற்றுப் பட்டை, அதில் கல், கல், கல்.

"பாத்தியோ? இவ்வளவும் உனக்குச் சீதனம்," என்றேன்.

லுங்கேர்னில் இறங்கினோம். ஊர் மேட்டில் இருக்கிறது. தேவாலயம் இன்னொரு மேட்டில் கூரான கோபுரத்தோடு நிற்கிறது. கீழே ஏரியின் தெற்கு முனையில் ஒப்சே என்ற பகுதி. அங்கே தேவாலயமே இல்லாத ஒரு பழைய கோபுரம் தனியே நிற்கிறது. போன நூற்றாண்டில் ஓடை பெருகி ஊரை அடித்துக்கொண்டு போனதாம். அந்த ஓடையின் வாயில்தான் தேடத் தொடங்கினோம். தெற்கே கணவாய்ப் பக்கமிருந்து சூடான காற்று வீசியது. நிழலில் பழைய பனி, வெயிலில் மஞ்சள் பூ. சப்பாத்துக்குள் சேறு போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நல்ல கல் சீக்கிரமே அகப்பட்டது. கருஞ்சாம்பல் நிறம், ஒரு முழத்துக்கு மேல் நீளம், மேற்புறம் தண்ணீர் தேய்த்து மழமழவென்று. பாலன் அளவுநாடாவைப் பிடித்தான், தட்டினான், காதை வைத்துக் கேட்டான்.

"அம்மி இதுதான் அண்ணை. அச்சு அம்மி."

சாக்கில் போட்டு, வேலித்தடி ஒன்றில் கயிற்றால் கட்டி, முன்னுக்கு அவன் பின்னுக்கு நான் தோளில் வைத்தோம். லுங்கேர்ன் நிலையத்துக்கு மேட்டில் ஏற்ற வேண்டும். மேற்குக் கரையால் ஏரியின் மறுமுனைக்குப் போனால் பாதை சமம், கைசர்ஸ்டூல் நிலையமும் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டத்தான். சமபாதையைத் தேர்ந்தோம். காட்டுக்குள்ளிருந்து ஒரு நீர்வீழ்ச்சி படிப்படியாக விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்று தோள் மாற்றினோம். பிறகும் மாற்றினோம். கல் நடக்க நடக்கப் பாரம் கூடியது.

நண்பகலளவில் ஒரு பண்ணை வந்தது. கரையோரப் புல்வெளியில் ஒரு பெண் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஆண்களின் நீலக் காற்சட்டை, நீண்ட சப்பாத்து. பெயர் ஆக்னெஸ் என்று பிறகு சொன்னார். தடியில் தொங்கும் சாக்கையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாக்குக்குள் என்ன? ஆடா?"

"கல்," என்றான் பாலன்.

அவர் தன் காலடியிலிருந்த கற்குவியலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிற்கவேயில்லை. "நான் விடியற்காலையிலிருந்து இதை வெளியே எறிந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறீர்களா!"

பாலனின் ஜேர்மன் நல்லது. அவருடைய மலைப்பேச்சு அவனுக்கே பாதிதான் பிடிபட்டது. அம்மி என்றால் என்ன என்று கையால் அரைத்துக் காட்டினான். மிளகாய் என்றான். அவருக்கு விளங்கவில்லை. சாப்பாட்டு நேரம்தானே என்று வாசலில் இருந்து எங்கள் பொதியை அவிழ்த்தோம். அவர் பாற்கட்டி வெட்டிக் கொண்டுவந்தார். பாணில் சம்பலைத் தடவி ஒரு துண்டு கொடுத்தோம். கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தார். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டார்.

"இதை இந்தக் கல்லிலா அரைக்கப் போகிறீர்கள்?" என்று சாக்கை விலக்கிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு புளிக்காடிப் போத்தலோடு வந்தார். வினாகிரி. கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றினார்.

கல் நுரைத்தது. சோடாவைப் போலச் சீறியது.

"என் தண்ணீர்க் கேத்தலுக்குள் படிகிற அதே சுண்ணாம்பு. இதில் புளி, எலுமிச்சை எது விட்டாலும் கரையும். கல்லையும் சேர்த்துத் தின்பீர்கள்."

 இந்தப் பிழையைப் பிற இடத்தவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். யாழ்ப்பாணத்தான் சுண்ணாம்புக்கல்லின் மேல் பிறந்து, அதைக் கொத்திக் கிணறு வெட்டிக் குடித்தவன். ஆனால் எங்களூர்ச் சுண்ணாம்புக்கல் வெளிறியது, அரிக்கப்பட்டது, உடம்பெல்லாம் ஓட்டை. கறுத்து, வழுவழுத்து, பாரமாக இருக்கிற கல் எல்லாம் வெளியிலிருந்து லொறியில் வந்த கருங்கல். அதனால் கறுப்பும் வழுவழுப்பும் கண்டால் எங்கள் கண் வேறொன்றும் கேட்காது. சுண்ணாம்புக்கல் கறுப்பாகவும் இருக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பாலன் தோளைத் தடவிக்கொண்டான். "இதோட போயிருந்தால் அவள் ஒரு தேசிக்காயிலயே என்னைக் கொண்டிருப்பாள்."

இந்தப் பக்கத்து மலை முழுவதும் சுண்ணாம்புதான் என்றார் ஆக்னெஸ். புள்ளி போட்ட கல் தேடுங்கள். அது இந்த ஊர்க் கல் அல்ல. மறுபக்கத்து உயர்ந்த மலைகளின் கருங்கல். ஒரு காலத்தில் பனி ஆறாக நகர்ந்து, கணவாயைத் தாண்டி அதை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதாம். தெற்கே புரூனிக்கைக் கையால் காட்டினார். பூமிசாத்திர வாத்தியார் பிரம்போடு சொல்லியும் என் தலையில் ஏறாத பனியாறு அன்று ஒரே கைக்காட்டலில் ஏறிவிட்டது.

"என் புல்வெளியில் அப்படிக் கல் இருக்கிறது. எது, எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு வசந்தத்திலும் பொறுக்குகிறேன், ஒவ்வொரு பனிக்காலத்திலும் புதிது வருகிறது. என்னோடு பொறுக்குங்கள். பிடித்த கல் உங்களுடையது."

பனி உருகியதும் புல் வளரமுன் கல் பொறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புல் வெட்டும்போது கத்தி உடையும். அந்த ஊரின் வழமை அது. மூவரும் வரிசையாகக் குனிந்து நடந்தோம். சிறியதைக் கூடையில், பெரியதை உருட்டிக் கரைக்கு. முதுகு நிமிரும்போதெல்லாம் ஆக்னெஸ் ஏதாவது சொன்னார். ஒரு காலத்தில் ஏரி இன்னும் உயரமாக இருந்ததாம். நிலம் போதாத ஊரவர் தாங்களே கைசர்ஸ்டூல் பாறைக்குள் சுரங்கம் குடைந்து தண்ணீரை வடித்து வயல் எடுத்தார்கள். தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்கவில்லை, பிள்ளைகள்தான் முடித்தார்கள். பிறகு மின்சாரம் வந்தது, அந்த வயலை ஏரி திரும்ப எடுத்துக்கொண்டது.

"அழுதார்களா?" என்று பாலன் கேட்டான்.

"திட்டினார்கள். பிறகு மேலே ஏறி இந்தப் புல்வெளியில் கல் பொறுக்கத் தொடங்கினார்கள்," என்றார்.

கிடைத்த கல்லுக்கெல்லாம் பாலன் வினாகிரி ஊற்றினான். எல்லாம் சீறின. "ஏய், நீயும் வாயைத் திறக்கிறியோ?" என்று ஒவ்வொன்றையும் ஏசி எறிந்தான். வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் சாய்ந்து, நிழல் ஏரியின் மேல் நீளத் தொடங்கியது. போத்தலில் அடி மட்டும்தான் மிச்சம். அவன் முகம் வாடியதைக் கண்டேன். கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப்போவதை அவன் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது புல்வெளியின் கீழ்க்கோடியில், வழமையான தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, சேற்றுக்குள் பெரிய பாறையொன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கன்றுக்குட்டியளவு. ஏதோ ஒரு குளிரில் வெடித்து, அதன் பக்கத்தில் ஒரு தட்டைக் கல் தனியே கழன்று விழுந்திருந்தது. சேற்றைக் கையால் வழித்தேன். வெள்ளை, கறுப்பு, சாம்பல். உடம்பு முழுக்கப் புள்ளி.

"பாலன்! ஓடி வா!"

முழங்காலளவு சேற்றில் விழுந்து எழும்பி வந்தான். கடைசித் துளி வரைக்கும் ஊற்றினான். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். வினாகிரி கல்லின் மேல் சும்மா ஓடி, சும்மா வழிந்தது. ஒரு நுரையில்லை. ஒரு சத்தமில்லை.

"கல் கதைக்கேல்லை அண்ணை!" என்று பாலன் கத்தினான். "கல் வாயே திறக்கேல்லை!" ஆக்னெஸின் இரண்டு கையையும் பிடித்துச் சேற்றுக்குள் ஆடினான். அவரும் ஆடினார். எதிர்மலை எங்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. நானும் கத்தினேன். இந்த நாட்டுக்கு வந்தபின் நான் வாய்விட்டுக் கத்தியது அன்றுதான்.

தட்டைக் கல்லின் அளவு சரி, கனமும் சரி. குழவிக்கென்று, பாறையின் பக்கத்திலேயே நீள உருளைக் கல் ஒன்று, அதே புள்ளியோடு கிடந்தது. ஆக்னெஸ் அதைத் தன் நீலக் காற்சட்டையிலேயே துடைத்துத் தந்தார். வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். பாலன் மறுத்துவிட்டான். "நான்தான் தூக்குவன். என்ரை கலியாணம்." எனக்கும் அதில் பங்குண்டு என்று தடியின் பின்முனை என் தோளுக்குச் சொன்னது.

கைசர்ஸ்டூல் மேடையில் நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து ரயில் பரிசோதகர் வாசலிலேயே நின்றுவிட்டார். தலையிலிருந்து கால் வரை சேறு, நடுவில் சாக்கு.

"இது என்ன?"

"கல்," என்றான் பாலன். "கலியாணத்துக்கு."

அவர் சாக்கைத் திறந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் கையேட்டைப் புரட்டினார். "நாய்க்குப் பாதிக் கட்டணம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட். கல்லுக்கு ஒன்றும் எழுதியில்லை." கையேட்டை மூடினார். "இறக்கத்தில் உருண்டு போகாமல் பிடித்துக்கொள்ளுங்கள்."

"எங்களுக்கும் பாதிக் கட்டணம்தான் அண்ணை," என்று பாலன் தமிழில் என் காதில் சொன்னான். "நாயும் நாங்களும் ஒண்டு. கல்தான் ராசா." பற்சக்கரம் கடகடத்து இறங்க, கல் எங்கள் இருவரின் காலுக்கும் நடுவில் அசையாமல் இருந்தது. யன்னலில் லுங்கேர்ன் ஏரி மேலே போய் மறைந்தது.

அதன்பின் உளி வேலை. வழுவழுத்த கல் அரைக்காது. மேற்புறத்தைப் புள்ளி புள்ளியாகக் கொத்த வேண்டும். மாடிக் குடியிருப்பில் அது நடக்குமா? ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் உளி பேசக்கூடாது; மற்ற நாட்களில் வீட்டுக்காரர் பேசுவார். வேலை முடிந்த பின்னேரங்களில் ஆற்றங்கரைக் காட்டுக்குள் கொண்டுபோய் நான் கொத்தினேன். கருங்கல் உளியைத் தின்றது. மூன்றாவது உளிதான் முடித்தது. விரல் இரண்டு கண்டிப் போயின, பிறகு ஆறிவிட்டன.

கல்லை மலரின் முன்னால் வைத்தோம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். செத்தல் மிளகாய், உப்பு, வெங்காயம், தேங்காய்ப்பூ, கடைசியாகத் தேசிப்புளி. குழவி போய் வந்தது. அந்த வீட்டில் எல்லாரும் சமையலறை வாசலில் கூடிவிட்டார்கள். வழித்தெடுத்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பல்லுக்குள் மணல் நெருடுகிறதா என்று மென்று பார்த்தாள். பாலன் பரீட்சை எழுதியவனைப் போல நின்றான்.

"ஐயருக்கு ரெலிபோன் எடுங்கோ," என்றாள்.

வைகாசியில், வாடகைக்கு எடுத்த ஒரு கத்தோலிக்க மண்டபத்தில், ஐயர் மந்திரம் சொல்ல, பாலன் குனிந்து அவள் வலக்காலைத் தூக்கிக் கல்லில் வைத்தான். ஊரில் இந்தக் கட்டத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அந்த நேரம் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவார்கள். அம்மி எந்த வீட்டிலும் கிடக்கிற ஒன்று. அதில் கால் படுவதை நின்று பார்க்க என்ன இருக்கிறது? இங்கே மண்டபம் முழுவதும் எழும்பி நின்றது. பின்வரிசைக்காரர் கதிரைகளில் ஏறினார்கள். லோசானிலிருந்தும் சூக்கிலிருந்தும் வந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

மலர் காலை வைத்தது மட்டுமல்ல, உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில் போட்டு ஒரு தரம் அழுத்தினாள்.

"என்ன செய்யிறாய்?" என்று பாலன் கீழேயிருந்து கேட்டான்.

"ஆடுதோ எண்டு பாக்கிறன்," என்றாள் எல்லாருக்கும் கேட்க. "ஆடேல்லை."